காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமா, இல்லையா? சென்னை ஒன்று சொல்கிறது, ஜார்க்கண்ட் ஒன்று சொல்கிறது

கேள்வி: 25 மார்ச் 2025

என் அக்காவுக்கு நுரையீரல் காசநோய். வயது 34. மாத்திரை ஆரம்பித்து ஒன்பது நாள். எடை 36 கிலோ. அவளுடைய மாமியார் முட்டை, பால், பேரீச்சம்பழம் என்று ஓடிக்கொண்டிருக்கிறார். டாக்டரோ மாத்திரையை மட்டும் விடாதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார். படித்துப் பார்த்தால் சாப்பாட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒரு சென்னை ஆய்வு. சாப்பாடு கொடுத்தால் நோயே குறையும் என்று ஒரு ஜார்க்கண்ட் ஆய்வு. இந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு முடிவுக்கு வரவே மாட்டார்களா?

25 மார்ச், இரவு 10 மணி

வருவார்கள். ஆனால் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. அதைச் சாவகாசமாக எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அக்காவின் உயரம் என்ன?

நான் டாக்டர் இல்லை. விழுப்புரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 26 வருடம் லேப் டெக்னீஷியன். சளி டப்பாவைத் திறந்து ஸ்லைடில் தேய்த்துத் தேய்த்தே தலை நரைத்தவன். மாத்திரை அளவு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எடையும் உயரமும் கேட்பது பழக்கதோஷம்.

26 மார்ச், காலை

152 செ.மீ. என்றால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண், 15.6. பதினெட்டரைக்குக் கீழே போனாலே மெலிவு என்பார்கள். இது ரொம்பவே கீழே.

ஒரு காரியம் செய்யுங்கள். அக்காவை உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் கட்டை விரலால் பத்து வினாடி அழுத்திவிட்டு எடுங்கள். தோல் உடனே மேலே வந்துவிடுகிறதா, குழி அப்படியே நிற்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்று தொடங்கினார்கள். நோய் உறுதியானதுமே நோயாளியின் நிலையைச் சிலவற்றை வைத்துப் பார்ப்பார்கள். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழா? 16க்குள் இருந்து காலில் வீக்கம் உண்டா? மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டுகிறதா? ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் வீட்டுக்கு அனுப்பாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எடை மெஷின், விரலில் மாட்டும் கருவி, கைக்கடிகாரம், கட்டை விரல். இவ்வளவுதான் சாதனம்.

26 மார்ச், மதியம்

குழி நிற்கிறது என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். சீட்டில் உயரம், எடை, கால் வீக்கம் மூன்றையும் நீங்களே எழுதி நீட்டுங்கள். வாயால் சொன்னால் கூட்டத்தில் காதில் விழாது.

26 மார்ச், இரவு

சேர்த்துக்கொண்டார்களாம். நல்லது. மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஒரேயடியாகத் திணிக்க வேண்டாம். ரொம்ப நாள் வற்றிய உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சரிந்து ஆபத்தாகிவிடும். வார்டில் அளவு சொல்வார்கள். அதன்படி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

இப்போது சென்னைக் கதை. 1959இல் நடந்த ஆய்வு. வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பதா, சானட்டோரியத்தில், அதாவது காசநோய்க்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில், படுக்கவைத்துப் பார்ப்பதா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் படுக்கை, காற்று, வெயில், முட்டை, பால், ஓய்வு. நாட்டில் இருந்த நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கூடிச் சென்னையில் ஒரு மையம் வைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதே மையம்தான்.

193 ஏழை நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வீட்டுக்கு, பாதிப் பேர் சானட்டோரியத்துக்கு. மருந்து இரண்டு பக்கமும் ஒன்றே: ஐசோநியாசிட், பி.ஏ.எஸ்., ஒரு வருடம். வீட்டுக்காரர்கள் நெரிசலான குடியிருப்பில், சுமாரான சாப்பாட்டில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டு. சானட்டோரியக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு. எடையும் அவர்களுக்குத்தான் அதிகம் ஏறியது. வருடக் கடைசியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86%, சானட்டோரியத்தில் 92%. ஐந்து வருடம் பின்தொடர்ந்தும் பார்த்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றியதாகவும் தெரியவில்லை.

உலகம் முழுக்க சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த 193 பேர் ஒரு பெரிய காரணம்.

27 மார்ச்

திருத்தம்: ஆய்வு 1956இல் தொடங்கியது. 1959 அறிக்கை வெளியான வருடம். நேற்று இரண்டையும் குழப்பிவிட்டேன்.

யாரோ தாம்பரமா என்று கேட்டிருக்கிறார். ஆமாம், அந்தச் சானட்டோரியமேதான். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து ஆரம்பித்து, பிறகு அரசு எடுத்துக்கொண்டது. மின்சார ரயிலில் 'தாம்பரம் சானட்டோரியம்' என்று அறிவிப்பு வரும்போது எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும்? என் தம்பி மகன் பத்து வருடமாக அங்கே இறங்கி வேலைக்குப் போகிறான். ஏதோ ஆடிட்டோரியம் இருந்த இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

29 மார்ச்

ஜார்க்கண்ட். 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பெயரே 'ரேஷன்ஸ்'. மங்களூருவில் இருந்து அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமை. சேத்துப்பட்டுக்காரர்களும் அதில் உண்டு. எந்த மையத்தின் ஆய்வைச் சாப்பாட்டுக்கு எதிராக நீங்கள் காட்டினீர்களோ, அதே மையம்.

நான்கு மாவட்டங்களில் 28 காசநோய் அலகுகள், அதாவது அரசுக் காசநோய்த் திட்டத்தின் வட்டாரப் பிரிவுகள். ஆளுக்கு ஆள் குலுக்கல் இல்லை, அலகுக்கு அலகு. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிக்கு இரண்டு பக்கமும் மாதம் பத்து கிலோ உணவுப்பை: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. வித்தியாசம் வீட்டாருக்குத்தான். ஒரு பக்கத்து வீடுகளில் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. மறுபக்கத்து வீட்டாருக்கு அது இல்லை.

உணவு கிடைத்த வீடுகளில் 5,621 பேரில் 96 பேருக்கு நோய் வந்தது. கிடைக்காத வீடுகளில் 4,724 பேரில் 122 பேருக்கு. கணக்கெல்லாம் சரிசெய்து பார்த்தால் 39% குறைவு. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48% குறைவு. தடுப்பூசி எண்கள் மாதிரி இருக்கிறது. ஆனால் அது அரிசியும் பருப்பும்.

நோயாளிகள் பக்கம் இன்னொன்று: முதல் இரண்டு மாதத்தில் 5% எடை ஏறினால் சாவு 61% குறைகிறது. சாப்பாடு உயிரைக் காக்கும் என்பது நிரூபணம்.

ஆக, சென்னை கேட்டது: மருந்து ஒழுங்காகப் போனால், சாப்பாடு சுமாராக இருப்பவர்களும் குணமாவார்களா? ஆவார்கள். ஜார்க்கண்ட் கேட்டது: அதே கூரையின் கீழ் அடுத்து யாருக்கு வரும்? அது அவர்கள் தட்டைப் பொறுத்தது. இரண்டும் உண்மை. சண்டையே இல்லை.

29 மார்ச், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. 'சண்டையே இல்லை' என்று எழுதியது கொஞ்சம் சுலபமாகத் தப்பித்த மாதிரி இருக்கிறது. எனக்குள் சண்டை இருக்கிறது.

பயிற்சி வகுப்பில் சென்னை ஆய்வைச் சொல்லித்தான் எங்களைத் தயார் செய்தார்கள். ஏழை நோயாளியிடம் முட்டை சாப்பிடு, பால் குடி என்று சொல்லி அவனைப் பயமுறுத்தாதீர்கள், அதற்குக் கடன் வாங்குவான், கடன் முற்றினால் மாத்திரைக்கும் வரமாட்டான் என்றார்கள். சரியான பேச்சுதான். சானட்டோரியத்தில் இடம் பிடிக்க நிலத்தை விற்றவர்களின் பேரப்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 1959 அவர்களுக்கு விடுதலை.

ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்ட விதம் வேறு. 2004 வாக்கில் செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவர். ஒரு தொண்டு அமைப்பு அவருக்கு மாதம் இரண்டு பாக்கெட் சத்துமாவு கொடுத்தது. அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். பாக்கெட் மூன்று நாளில் காலி. "உனக்குக் கொடுத்ததைப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்தால் என்னய்யா அர்த்தம்?" என்று மைக்ராஸ்கோப்பில் இருந்து தலையைக்கூட எடுக்காமல் திட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மாத்திரையை முடித்தார், குணமானார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு சளி டப்பா வந்தது. ஸ்லைடில் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் தீயைக் காட்டி ஆவி வரும்வரை சூடாக்கி, ஐந்து நிமிடம் விட்டு, கழுவி, அமிலம், மறுபடி கழுவி, நீலம். எண்ணெய் லென்ஸைத் தொட்டதும் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள். எண்ணவே வேண்டாம், ஒரு பார்வைக்குப் பத்துக்கு மேல். மூன்று பிளஸ், எங்கள் அளவுகோலில் உச்சம். பதிவேட்டில் எழுதும்போதுதான் தகப்பன் பெயரைப் பார்த்தேன். பெண்ணுக்கு 13 வயது.

அவர் அன்றைக்குச் செய்தது தவறு என்று நான் நினைத்தேன். பாக்கெட் போதவில்லை என்பதுதான் தவறு. அந்த வீட்டுக்கே கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல 2023இல் ஒரு லான்செட் கட்டுரை வரவேண்டியிருந்தது.

30 மார்ச்

நேற்றிரவு எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நோய் வந்தது சாப்பாடு போதாததால்தான் என்று நான் சொல்ல முடியாது. ஒரே குடிசை, அப்பாவின் இருமல், சூளைப் புகை. ஒரு வீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதற்குத்தானே பத்தாயிரம் பேர் வேண்டியிருக்கிறது.

2 ஏப்ரல்

பெரிய திருத்தம். 29ஆம் தேதி '61%... நிரூபணம்' என்று எழுதினேன். வேகத்தில் எழுதிவிட்டேன். ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

நோயாளிகளில் எல்லோருக்குமே உணவுப்பை கொடுத்தார்கள். கொடுக்காத குழு என்று ஒன்று இல்லை. எனவே உணவு கொடுத்ததால் சாவு 61% குறைந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எடை ஏறியவர்களிடையே சாவு குறைவு என்று மட்டும் சொல்கிறது. மருந்து நன்றாகக் கேட்டதால் பசி எடுத்து எடை ஏறியிருக்கலாம். உள்ளே நோய் முற்றியவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஏறாமல் இருந்திருக்கலாம். குதிரை எது, வண்டி எது என்று அதில் பிரிக்க முடியாது.

வீட்டார் பற்றிய 39% அப்படியில்லை. அது குலுக்கிப் போட்டுப் பார்த்தது. அதை நம்பலாம். அதிலும் சதவீதத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 2.6% ஆக இருந்தது 1.7% ஆனது. என் மனக்கணக்கில் ஒரு நோயாளியைத் தவிர்க்கச் சுமார் 110 பேருக்கு உணவு கொடுக்க வேண்டும். எனக்கு அது மலிவாகத்தான் படுகிறது. அந்த 110 பேரும் சும்மா இல்லை, சாப்பிடுகிறார்கள். பக்கவிளைவு: வயிறு நிறைதல்.

3 ஏப்ரல்

கழுதைப்பால் பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். ஆட்டுக்கால் சூப் கேட்டவருக்கு: பிடித்தால் குடியுங்கள், காலுக்குக் கொடுக்கிற காசில் எவ்வளவு பொட்டுக்கடலை வரும் என்று ஒருதரம் கணக்குப் போட்டுவிட்டு.

அரசாங்கப் பணம் பற்றிக் கேட்டவருக்கு: 2018 ஏப்ரலில் இருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரில் இருந்து 1,000. வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதியவேண்டும். பணம் நோயாளிக்கு என்றுதான் வருகிறது. சமையல் ஒரே அடுப்பில்தான் நடக்கிறது.

5 ஏப்ரல்

சர்க்கரை நோயும் இருப்பவர் என்ன செய்வது? நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஜார்க்கண்ட் அரிசிப்பையை அவர்களுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. பருப்பு, முட்டை, கடலைப் பக்கம் சாய வேண்டும். சாய்வது எவ்வளவு என்பது உங்கள் டாக்டருக்கும் உங்கள் சர்க்கரை அளவுக்கும் இடையில்.

9 ஏப்ரல்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாராம். எடை 34.2. "இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு கிலோ குறைத்து அனுப்பியிருக்கிறார்கள்" என்று மாமியார் கொதிக்கிறாராம்.

காலில் குழி விழுகிறதா என்று பாருங்கள். விழாது. நீங்கள் 36 என்று எழுதினீர்களே, அதில் கொஞ்சம் தண்ணீர். வீக்கம் வடிந்ததும் முள் இறங்கும். இப்போது நிற்பதுதான் உண்மையான எடை. இங்கிருந்து ஏற வேண்டும்.

இதை எழுதும்போதே எனக்கு உறைக்கிறது: 5% என்றால் எதில் இருந்து 5%? 36இல் இருந்தா, 34.2இல் இருந்தா? பேப்பரில் சுத்தமாகத் தெரியும் எண்ணுக்குள் இப்படி ஒரு கால் வீக்கம் ஒளிந்திருக்கிறது.

10 ஏப்ரல்

மாமியாருக்கு இருமலே இல்லை, அவருக்கு எதற்கு எக்ஸ்ரே என்கிறீர்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வெறும் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6% பேரைத் தவறவிட்டிருப்பார்கள். மார்பு எக்ஸ்ரேதான் அவர்களைப் பிடித்தது. "ரெண்டு வாரத்துக்கு மேல் இருமலா?" என்று கேட்டுக் கேட்டே என் வேலைக்காலம் போனது. இருமாதவர்கள் என் ஜன்னலுக்கு வரவே இல்லை.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் வீட்டாருக்குத் தடுப்பு மருந்து உண்டு. வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் என்று ஒரு முறை வந்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பதில் அது, அதற்குப் பதில் சாப்பாடு என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

14 ஏப்ரல்

மருந்துக்குக் கேட்காத காசநோய் பற்றி ஒருவர். பேச்சு விலகுகிறது, இருந்தாலும் இரண்டு வரி. எங்கள் காலத்தில் அதற்கு இரண்டு வருட வைத்தியம், அதில் மாதக்கணக்கில் ஊசி. ஊசியால் காது போனவர் ஒருவர் என்னிடம் சளி கொடுக்க வருவார். நான் சைகையால் டப்பாவைக் காட்டுவேன். 2020இல் தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்த ஆய்வில் பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லைனசோலிட் மூன்றும் ஆறு மாதம், ஊசியே இல்லை. 109 பேரில் 98 பேருக்கு நல்ல முடிவு. லைனசோலிட் நரம்பை வாட்டியதால் அடுத்த ஆய்வில் அளவைப் பாதியாக்கிப் பார்த்தார்கள், பலன் பெரிதாகக் குறையவில்லை. இந்தியாவும் 2024இல் இதை, மாக்ஸிஃப்ளாக்ஸாசின் சேர்த்து, திட்டத்துக்குள் எடுத்துக்கொண்டது. மருந்து விஷயத்தில் நான் பார்த்ததில் இதுதான் பெரிய பாய்ச்சல்.

2 மே

யோசித்துக்கொண்டே இருந்தேன். சென்னை ஆய்வை நான் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அந்த 193 பேரை எப்படிக் கவனித்தார்கள்? வாரா வாரம் மருந்து, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரை எண்ணுவது, சிறுநீரைச் சோதித்து விழுங்கினாரா என்று பார்ப்பது. அந்தக் கவனிப்போடு சாப்பாடு இரண்டாம்பட்சம். அதே கவனிப்பை நாடு முழுக்கக் கொடுத்தோமா? நான் இருந்த ஒரு நிலையத்தில் வீடு தேடிப் போக ஒரே ஆள், அவருக்கு ஒரு சைக்கிள், அதற்கு செயின் கிடையாது. ஆய்வின் முடிவில் 'சாப்பாடு அவசியமில்லை' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது செலவில்லாத பாதி.

படுக்கையும் அப்படித்தான். 1959 சொன்னது எல்லோருக்கும் படுக்கை வேண்டாம் என்று. யாருக்குமே வேண்டாம் என்று நாங்களாகப் படித்துக்கொண்டோம். உங்கள் அக்கா இரண்டு வாரம் படுத்தது அந்தப் பிழைக்கான திருத்தம்.

19 மே

இரண்டு மாத சளி நெகட்டிவ். எடை 38.4.

34.2இல் இருந்து 12%. 36இல் இருந்து கிட்டத்தட்ட 7%. எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் ஐந்தைத் தாண்டிவிட்டது, ஆகவே அந்த விவாதத்தை ஒத்திவைக்கிறேன்.

மாமியார் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாரா என்று நான்கு முறை கேட்டுவிட்டேன். நீங்கள் பதில் எழுதவில்லை.

21 மே

எடுத்தாராம். சுத்தம். தடுப்பு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. ஆனால் மாமியாரின் எடை 41, மருமகளுக்கு முட்டையை உரித்துக் கொடுத்துவிட்டு அவர் பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் உயரம் என்ன?